இருப்பு ஐயம்

பதினேழு வருசமாய்
உள்துறைமுகத்தின் ஆழங்களைத் தாளில் எழுதுகிறேன்.
படகிலிருந்து அனுப்பும் ஒலி
அடியில் தட்டித் திரும்பும் நேரம்,
அதில் பாதி, அதிலிருந்து ஆழம்.
அவ்வளவுதான் என் படிப்பு.

சில இடத்தில் ஒலி பொய் சொல்லும்.
சூடைமீன் கூட்டமொன்று குறுக்கே நின்றால்
பாறை முளைத்ததாய்த் திரை காட்டும்.
அழிக்கவும் கூடாது, நம்பவும் கூடாது.
புள்ளிகளால் ஒரு வட்டம் போட்டு
பக்கத்தில் சின்னதாய் எழுதுவோம்:
இருப்பு ஐயம்.

வலது நுரையீரலில் முப்பத்தொரு மில்லிமீற்றர்
என்றார்கள் மாசியில்.
பிறகு மூன்று ஊசி.
இந்த மருந்து கட்டியைத் தொடாதாம்.
என் இரத்தத்துக் காவற்காரரின் கைகளைக்
கட்டி கட்டிவைத்திருக்கிறதாம்,
அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடுமாம்.
மிச்சம் அவர்கள் பாடு, என்றாள் டொக்டர் றிஸ்மினா,
பேனையின் மூடியைக் கடித்தபடி.

இரவு மெயிலில் கொழும்பு.
தங்கை சுகிர்தாவின் மடியில் பிளாஸ்க்,
அவளுக்கு மட்டும் தேத்தண்ணி. எனக்குப் பட்டினி.
காலையில் நரம்புக்குள் ஒளிரும் சீனி.
ஒரு மணித்தியாலம் அசையக் கூடாது, பேசவும் கூடாது,
பேசினால் தொண்டைத் தசை சீனியைக் களவெடுக்குமாம்.
உடம்புக்குள் எவனுக்குப் பசி அதிகமோ
அவன் படத்தில் வெளிச்சமாவான்.

முப்பத்தெட்டு.
முன்னையிலும் பிரகாசம்.

சுகிர்தா நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றாள்.
திரும்பும் ரயிலில் ஒருவருக்கொருவர்
கடலை வாங்கிக் கொடுத்தோம்.
கந்தளாய்க் குளம் விடிந்தது,
தம்பலகாமத்து வயல் விடிந்தது,
சீனன்குடா வரும்வரை
ஏழு என்ற எண்ணை
ஏழு விதமாய்க் கூட்டிப் பார்த்தேன்.
பஸ் நிலையத்தில் புள்ளிமான் ஒன்று
ஸ்கான் உறையின் மூலையைத் தின்றுவிட்டது.
துரத்தவில்லை.

"வளர்ந்திருக்கலாம்," என்றாள் டொக்டர்.
"இல்லாவிட்டால் உங்கட ஆட்கள் வந்து சேர்ந்திருக்கலாம்.
சண்டைக்கு வந்தவனுக்கும் பசிக்கும்,
அவனும் சீனி தின்பான், அவனும் இடம் பிடிப்பான்.
படத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே நிறம்."
அறிக்கையின் கடைசி வரியை விரலால் காட்டினாள்:
உறுதிப்படாத வளர்ச்சி.
ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் பயந்துபோய்த் தண்ணி தரட்டா என்று கேட்டாள்.
எப்படிச் சொல்வது,
அது என்ர கந்தோர்ப் பாசை என்று.

படத்துக்குத் தெரியாதவையும் உண்டு.
உவர்மலை ஏற்றத்தில் போன மாதம் மூன்று இடத்தில் நின்றேன்,
இப்போது தபாற்பெட்டியடியில் மட்டும்.
முழங்கையெல்லாம் சொறி.
அது நல்ல சகுனமா என்று கேட்டேன்,
சகுனமில்லை, குறிப்பு, என்று எழுதிக்கொண்டாள்.
இரவில் இருமல் குறைந்திருக்கிறது.
குறைந்ததா,
குறைய வேண்டுமென்று நான் அடக்குகிறேனா?
நாலாவது ஊசியைப் போடுவதாய் முடிவு.
பக்கத்து வீட்டு மனோரஞ்சிதம் அக்கா
மதிலுக்கு மேலால் கேட்டா:
"பெருத்துப் போச்சாமே பிள்ளை?"
ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?
யார் பெருத்தார்கள் என்று
எனக்கே தெரியாது.

இன்று நிக்கல்சன் குடாப் பக்கம்
பழைய வட்டமொன்றைச் சரிபார்க்கப் போனோம்.
திரையில் ஒரு கறுப்பு மேடு எழும்பியது,
போன தடவையிலும் உயரமாய்.
ரத்னசிறி எஞ்சினைத் தணித்து
அரைகுறைத் தமிழில் கேட்டான்:
"மிஸ், கல் இருக்கா, இல்லையா?"

காற்று வடகிழக்கில் இருந்தது.
வாயில் உப்பு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னேன்,
"திருப்பு.
இன்னொருக்கால் அதே கோட்டில் போவம்.
கொஞ்சம் மெதுவாய்."